எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கார்க் கண்ணாடி

செவ்வாய்க்கிழமைதோறும் நம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடி, கிரீம் பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு முட்டிவலி பேசும் என் சேக்காளிகளே, சின்ன வயசில் நடந்த ஒன்றை ஆளுக்கு நாலு பக்கம் எழுதிவரச் சொன்னீர்கள். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் யாராவது வாசியுங்கள். நான் கடைசி நாற்காலியில் இருப்பேன். வாசிக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். பல்லெல்லாம் தேய்ந்துவிட்டதாம். கண்ணாடி போல ஓர் உறை செய்து தருகிறோம், போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்றார்கள். என் பல்லின் அச்சை ஒரு சின்ன மெஷினில் வைத்து, அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டை மாட்டிச் சூடு காட்டினாள் அங்கிருந்த நர்ஸ் பெண். தகடு முதலில் நெளிந்தது. பிறகு விறைத்தது. பிறகு நடுவில் மெதுவாகத் தொங்க ஆரம்பித்தது. அவள் கையைக் கொண்டுபோனாள்.

"இன்னும் கொஞ்சம் தொங்கட்டும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்து மழுப்பினேன். அவளிடம் சொல்லாததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஒரு டாக்டரின் கிளினிக். கீழே கிளினிக், மேலே டாக்டரின் வீடு, பின்பக்கம் இரண்டு அறைகளில் நாங்கள். அப்பா டாக்டருக்கு டிரைவர். அம்மா மேலும் கீழும் கூட்டித் துடைப்பாள். வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. வேலை போனால் வீடும் போய்விடும். இதை அம்மா அரிசி களையும்போதும் சொல்வாள், எனக்குத் தலை வாரும்போதும் சொல்வாள். எங்களுக்கு முன்னால் இருந்த டிரைவர் காரில் ஒரு சின்னக் கீறல் விழவிட்டதால் அன்றைக்கே பெட்டியைக் கட்டினார் என்று ஒரு கதை அந்தச் சந்தில் உலவிக்கொண்டிருந்தது. அதனால் அப்பா அந்தக் காரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருந்தார். நாங்கள் அதன் மேல் மூச்சு விட்டால்கூட ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

டாக்டர் நம் ஆள்தான். தனிக்கட்டை. கொஞ்சம் பேசுவார், நிறைய முறைப்பார். மேலே அவருடைய ஹாலில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு குட்டிக் கார். ஒரு முழ நீளம் இருக்கும். கரும்பச்சை. அப்பா ஓட்டுகிற அதே கார், அப்படியே சின்னதாக. பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை டாக்டரே ஒரு வருஷம் உட்கார்ந்து ஒட்டிச் செய்தார். அதன் கதவு திறக்கும். ஸ்டியரிங் திரும்பும். பானட்டைத் தூக்கினால் உள்ளே எஞ்சின் இருக்கும். முகப்புக் கண்ணாடி மட்டும் உண்மையான கண்ணாடி இல்லை, தெளிந்த பிளாஸ்டிக். ஆனால் வெயில் படும்போது உண்மைக் கண்ணாடிபோலவே மின்னும். அம்மா அந்த மேசையை மட்டும் தானே துடைப்பாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு டாக்டர் ஊருக்கு, அவர் அக்காவைப் பார்க்கக் கப்பலில் போகாமல் விமானத்தில் போனார். இரண்டு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனார்.

பூஜை அன்று அப்பா பெரிய காரைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தார். பானட்டில் மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம். மல்லிகை மாலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, காரை ஓரடி முன்னால் நகர்த்தினார். நாலு பழமும் நசுங்கி அந்த இடமெல்லாம் புளிப்பு வாசனை. எல்லாம் முடிந்து அப்பா சாப்பிடப் போனார். கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. இரண்டு துண்டு கற்பூரமும் இருந்தது.

பெரிய காருக்கு மட்டும் இத்தனை மரியாதை, சின்னது என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இதுதான் நான் செய்த குற்றம். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

மேலே போனேன். விரல் நுனியால் பானட்டில் மூன்று கோடு போட்டேன். தீக்குச்சி முனையால் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சை பெரியது. சுண்டலுக்கு ஊறவைத்த பட்டாணியில் நாலைக் கொண்டுபோய் வைத்தேன். கரண்டியில் கற்பூரத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று முகப்புக் கண்ணாடிக்கு நேராகக் கொஞ்சம் நிறுத்தினேன்.

கண்ணாடி சுருண்டது. சத்தமே இல்லை. ஒரு பக்கம் உள்ளே குழிந்து, ஓரம் பழுப்பாகி, நடுவில் கொப்புளம் கொப்புளமாக வந்து, கருப்பாக ஒரு நூல் புகை மேலே போனது. ஊதினேன். அது இன்னும் கோணிக்கொண்டது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. அம்மா துடைப்பத்தோடு வந்தாள். காரைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். சக்கரத்தடியில் பட்டாணியைப் பார்த்ததும் அவள் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்புத்தான். அடுத்த நிமிஷம் முகம் வெளுத்துவிட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி, பட்டாணியை வேற வச்சியா?"

நான் தலையாட்டினேன்.

"அப்பாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா மனுஷன் தாங்கமாட்டார். டாக்டர் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுவோம்."

சந்தனத்தைத் துடைத்தாள். முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவில் போன குங்குமம் மட்டும் வரவில்லை. ஒரு மேசை விரிப்பை எடுத்துக் காரின் மேல் மூடி, "தூசி படாம இருக்கட்டும்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

எங்கள் சந்தின் முனையில் ஒரு பல் செட்டுக் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மேல் வரிசை, கீழ் வரிசை என்று இருபது முப்பது செட்டுகள் போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். நான் பள்ளிக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் ஓடுவேன். அம்மா மறுநாள் அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, குட்டிக் காரை மார்க்கெட் கூடையில் வைத்து, மேலே ஒரு கட்டு கங்குங் கீரையைப் பரப்பி, என்னையும் இழுத்துக்கொண்டு அங்கேதான் போனாள்.

பாய் கீரையை விலக்கிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, காருக்குப் பல்லு கட்டணுமா?"

"கண்ணாடி கட்டணும் பாய். அடுத்த வாரம் டாக்டர் வந்துருவார். வந்து இதைப் பார்த்தார்னா எங்களுக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல."

பாய் சிரிப்பதை நிறுத்தினார். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் காருக்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாய் நல்லாத்தான் இருக்கு. ஒரு பல்லுதான் போயிருக்கு. அச்சு எடுத்துரலாம். ஆனா என்கிட்ட இருக்கற தகடெல்லாம் ஈறு நிறம். ரோஸ் கலர்ல கண்ணாடி வச்சா டாக்டர் உன்னைக் கட்டிப்பிடிச்சுக்குவாரா?"

"தகடு நான் கொண்டாறேன்" என்றாள் அம்மா.

அவளுக்கு அது தெரிந்த விஷயம். டாக்டர் வேண்டாமென்று கழித்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் எங்கள் அறைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் குப்பைக்குப் போகக் காத்திருக்கும். அம்மா முன்பே அதில் ஒன்றைக் கழுவி, எங்கள் சமையலறை ஜன்னலில் உடைந்துபோன கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தாள். இப்போது பெட்டியில் ஏழு இருந்தன. சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பது என் வேலை. விரல் பட்டதும் கருப்பு, பாசி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். யாரோ ஒருவரின் விலா எலும்புகள் முதலில் மங்கி, பிறகு என் கையோடு வந்துவிடும். மிஞ்சுவது லேசான நீல நிறத்தில் தெளிந்த தகடு. அதன் வழியாகப் பார்த்தால் வானம் இன்னும் கொஞ்சம் வானமாகத் தெரியும். ஏழையும் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பாய் கார்க் கண்ணாடி இருந்த இடத்தை மெழுகால் நிரப்பி, விரலால் வளைவு கொடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு ஒன்று எடுத்தார். ஒரு உள்ளங்கை அளவு, வெள்ளையாக, ஆமை முதுகு மாதிரி இருந்தது. அதை உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். "அச்சுல ஒரு கோடு இருந்தா கண்ணாடியிலயும் அந்தக் கோடு வரும். பல்லுன்னா எச்சி மறைச்சிரும். இது மறைக்காது" என்பார்.

முதல் ஃபிலிமைக் கரியடுப்பில் வாட்டி, அச்சின் மேல் போட்டு, பல் செட்டுக்குத் தகடு அமுக்குவது மாதிரி ஈரத் துணியால் அமுக்கினார். எடுத்துப் பார்த்தால் துணியின் இழை இழையாகக் கண்ணாடி முழுக்கக் கோடு. கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. இரண்டாவதைக் கையாலேயே அமுக்கினார். கண்ணாடி பூராவும் பாயின் பெருவிரல் ரேகை.

"போலீசு வந்தா என்னைத்தான் புடிக்கும்" என்றார்.

அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள். திடீரென்று, "கையால எதுக்குப் பாய் அமுக்கணும்? மேல இருக்கற தூசி உறிஞ்சற வேக்குவத்தைத் திரையில வச்சேன்னா, துணி அப்படியே வாயில போய் ஒட்டிக்குது. பிடுங்கினாலும் வரமாட்டேங்குது. அடியிலேர்ந்து உறிஞ்சினா ஃபிலிமும் தானா வந்து அச்சைக் கட்டிக்காதா?" என்றாள்.

பாய் அம்மாவையே பார்த்தார். "தங்கச்சி, நீ இந்நேரம் என் கடையில உக்காந்திருக்கணும். நான் வீடு கூட்டப் போயிருக்கணும்."

வேக்குவம் டாக்டர் வீட்டுச் சாமான். அதை வெளியே கொண்டுபோனால் சந்தே பார்க்கும். அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி, இடுப்பில் பிள்ளை மாதிரி ஏற்றிக்கொண்டு, முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தாள். நான் பின்னால் போனேன். பூக்கட்டுகிறவர் தலையை நிமிர்த்தி, "யாரு புள்ளக்கா?" என்றார்.

"சொந்தக்காரங்க புள்ள. தூங்குது."

"தூங்கட்டும், தூங்கட்டும். வால் தரையில இழுபடுது, பாத்துப் போங்க."

திரும்பிப் பார்த்தேன். குழாய் சேலைக்குள்ளிருந்து நழுவி, ஒரு கஜத்துக்குத் தரையில் வந்துகொண்டிருந்தது. அம்மா நிற்கவேயில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் காது சுட்டது. ஓடிப்போய் வாலைத் தூக்கிக்கொண்டேன்.

பாய் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் ஆணியால் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டுவைத்திருந்தார். டின்னின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை. அதில் வேக்குவத்தின் குழாய். இடுக்கில் காற்றுப் போகாமல் அம்மா சப்பாத்தி மாவைப் பிசைந்து அப்பினாள். மூடியின் மேல் பிளாஸ்டர் அச்சு. இரண்டு போட்டோச் சட்டங்களுக்கு நடுவில் ஃபிலிமை வைத்து, சுற்றிலும் துணிக் கிளிப் போட்டாயிற்று. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக் கரியடுப்பின் மேல் காட்டினாள். அவளுக்கு அப்பளம் சுடுகிற கை. எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று பார்க்காமலே தெரியும். ஆனால் ஃபிலிம் சுடும்போது காடி மாதிரி ஒரு புளித்த நெடி வந்து கண்ணைக் கரித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் தரையோடு தரையாகக் குனிந்து, பக்கவாட்டில் பார்த்து, ஃபிலிம் எப்போது பதமாகிறது என்று சொல்வது என் பொறுப்பாயிற்று.

முதலில் அது குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அலையாக நெளியும். அவசரப்படக் கூடாது. பிறகு மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். அப்போதும் கூடாது. அதற்குப் பிறகுதான் நடுவில் மெல்லத் தொங்கும், தூளியில் ஒரு பூனைக்குட்டி படுத்ததுபோல. அந்த நேரத்தில் இறக்கினால்தான் அச்சை இடைவெளி இல்லாமல் கட்டும்.

எனக்குப் பதம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் குரல்! வேக்குவம் ஒருபக்கம் ஓவென்று இரைந்துகொண்டிருக்கிறது. நான், "இப்போ" என்கிறேன். எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது ஃபிலிம் தொங்கி, இன்னும் தொங்கி, நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையாடி?" என்றாள் அம்மா.

நாலாவதுக்கு ஓட்டை விழுமோ என்ற பயத்தில் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் எப்படியோ கேட்டுவிட்டது. விறைப்பாகவே போய் உட்கார்ந்து, மூலையில் கொசுவம் கொசுவமாக மடிந்துவிட்டது. மிச்சம் மூன்று. டாக்டர் வர இரண்டு நாள்.

பாய் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "புள்ள, நீ எனக்குச் சொல்ல வேணாம். உங்கம்மாவுக்கும் சொல்ல வேணாம். தேக்கா மார்க்கெட்டுல மீன் வெட்றவனுக்குச் சொல்லு. அவனுக்குக் கேக்கணும்."

ஐந்தாவது ஃபிலிம். நெளிந்தது. விறைத்தது. தொங்கியது.

"இப்போ!"

என் வயிற்றுக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அம்மா பதறிச் சட்டத்தை இறக்கினாள். 'ஸ்ப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஃபிலிம் காணாமல் போய்விட்டதென்றே நினைத்தேன். அச்சின் மேல் தண்ணீர் ஊற்றியதுபோல, ஒரு சுருக்கம், ஒரு கோடு இல்லாமல் படிந்திருந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், பல்லு புடுங்கறீங்களா?" என்று கேட்டார்.

சின்னக் கத்தரிக்கோலால் பாய் அதை ஓரம் வெட்டினார். என் பள்ளிக்கூடக் கோந்து பாட்டிலைக் கேட்டு வாங்கி, ஈர்க்குச்சியால் விளிம்பில் தொட்டுப் பொருத்தினார். வேறு எந்தப் பசை வைத்தாலும் கண்ணாடி மங்கிவிடும் என்றார். கூலி வாங்கவில்லை. "உன் யோசனை ஒண்ணை வச்சுக்கிட்டேன், கணக்கு சரியாப் போச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு ரொம்ப நாள் அவர் கடையிலும் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

அந்த நாட்களில் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். மத்தியானமானால், "டயர் பார்க்கணும்", "ஒரு ஆளைப் பார்க்கணும்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கு வசதியாக இருந்தது. சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை. "மேல எல்லாம் சரியா இருக்கா?" என்று அம்மாவை இரண்டு மூன்று தடவை கேட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அவள் வேகமாகச் சொன்னாள்.

டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். அப்பா விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"டிரைவர்! கொஞ்சம் மேல வாங்க!"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஏறினார். அம்மா பின்னால் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். டாக்டர் மேசை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குட்டிக் காரின் முன் குனிந்திருந்தார்.

"யாரு இதைத் தொட்டது?"

"நான்தான் சார்" என்றார் அப்பா. அம்மாவும் நானும் அவரைப் பார்த்தோம். "பூஜையன்னிக்கு. சாமி கும்பிடணும்னு ஆசைப்பட்டு, கற்பூரத்தைக் கிட்டக் கொண்டுபோயிட்டேன். கண்ணாடி உருகிடுச்சு. தப்புத்தான் சார். அவங்க ரெண்டு பேருக்கும் இதுல ஒண்ணும் தெரியாது."

"உருகிடுச்சா? எங்க உருகியிருக்கு?"

அப்பா அப்போதுதான் காரைப் பார்த்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றது. பூஜையன்றைக்கு ஒரு தடவை விரிப்பைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அன்றைக்கே உருகிய கண்ணாடியையும் முன்பக்கக் கம்பியில் குங்குமத்தையும் பார்த்து, பட்டாணித் தோல் ஒன்றைத் தரையிலிருந்து பொறுக்கி, யார் வேலை என்று புரிந்துகொண்டு, பத்து நாளாக இந்த ஒரு பேச்சைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சார், அவர் சும்மா சொல்றார்" என்று அம்மா முன்னால் வந்தாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் துடைக்கும்போது..."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். அப்பா பொய் சொல்கிறவர் என்று அவர் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் அதுவரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வாயைத் திறந்தேன். வேக்குவம் ஓடுகிற ஞாபகத்திலேயே குரல் வந்துவிட்டது.

"நான்தான்! நான்தான் கற்பூரம் காட்டினேன்! பெரிய காருக்குக் காட்டினாங்க, இதுக்கு யாருமே காட்டல!"

கீழே கிளினிக்கில் மருந்து கலக்குகிறவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி வரை வந்துவிட்டார். டாக்டர் ஓரடி பின்னால் போனார்.

"இந்தப் பிள்ளை பேசுமா?" என்றார்.

பிறகு காரை மெதுவாகத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நோயாளிகளின் படத்தைப் பார்க்கிற அதே மாதிரி. கண்ணாடி லேசாக நீலம் காட்டியது. அவர் புருவம் ஏறியது. "எக்ஸ்ரே ஃபிலிமா இது?"

"நீங்க குப்பைக்குப் போட்டதுதான் சார்" என்றாள் அம்மா.

"யாரோட நெஞ்சு?"

"கழுவிட்டோம் சார். இப்ப யாரோடதும் இல்ல."

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கரியடுப்பு, பிஸ்கட் டின், சப்பாத்தி மாவு எல்லாவற்றையும் அம்மாவைச் சொல்லச்சொல்லிக் கேட்டார். வேக்குவம் பிள்ளையாகப் போன கதையைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் காரைத் திருப்பிக் காட்டி, "முன்னாடி நீலம், பின்னாடி வெள்ளை. என்ன லா இது, ஒரு கண்ணுக்கு மட்டும் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி? பின்னாடிக்கும் ஒண்ணு செஞ்சிருங்க" என்றார்.

அப்பா இன்னும் விறைப்பாகத்தான் நின்றார். "அப்ப, வேலை சார்?"

"என்ன வேலை?"

"முன்னாடி இருந்த டிரைவரை ஒரு கீறலுக்கே அனுப்பிட்டீங்கன்னு..."

"யாரு சொன்னது? அவன் பஸ் ஓட்டப் போறேன்னு அவனாப் போனான் லா. நான் போகாதன்னு கெஞ்சினேன்!"

பின்கட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "பத்து நாளா என்கிட்ட மறைச்சியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நீங்க?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. தஞ்சோங் பகாரில் துறைமுகத்து லாரி ஓட்டுகிற என் மாமா, அம்மாவின் அண்ணன், இறங்கினார். கூடவே அத்தை, கையில் ஒரு பெரிய அடுக்குப் பாத்திரம். இரண்டு பேர் முகமும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல இருந்தது. மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "குட்டி, நீ யார்கூடப் போற? அம்மாகூடவா, அப்பாகூடவா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா வெளியே வந்தாள். "என்ன அண்ணே, லாரியோட?"

"என்னவா? நீ செவ்வாய்க்கிழமை வந்து, 'அவருக்குத் தெரியாம ஒரு ரூம் பாருங்க, ஞாயித்துக்கிழமை லாரி கொண்டாங்க'ன்னு அழுதுட்டுப் போன." மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க வியாழக்கிழமை சைக்கிள்ல வந்து, 'உங்க தங்கச்சிக்குத் தெரியாம ஒரு ரூம் பாருங்க, துறைமுகத்துல ஒரு வேலையும் பாருங்க'ன்னு கண் கலங்கினீங்க. சத்தியம் வேற வாங்கிட்டீங்க ரெண்டு பேரும். நானும் வாயைத் திறக்காம, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ரெண்டு ரூம் பாத்து வச்சிருக்கேன். உங்க அத்தாச்சி அஞ்சு நாளா அழுதுக்கிட்டு இருக்கா. அப்படி என்னதான் சண்டை உங்களுக்குள்ள?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் போய், அடுத்தவருக்குத் தெரியாமல், மூன்று பேருக்கும் சேர்த்து வீடு தேடியிருக்கிறார்கள். வேலை போகவில்லை என்றானதும் மாமாவுக்குச் சொல்லியனுப்ப இரண்டு பேருக்குமே மறந்துபோயிருக்கிறது. இருவருக்கும் பயம் ஒன்றுதான். ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு இது விளங்கியது. எனக்கும் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்ட நாட்கள் உண்டு.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் மாமா. "லாரியைச் சாயந்தரம் வரைக்கும் கேட்டு வாங்கிட்டேன். சாமான் இல்லைன்னா நான் என்னத்தை ஏத்திக்கிட்டுப் போறது?"

"எங்களை ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

நாங்கள் கூப்பிட்டதும் பல் செட்டுக் கடைப் பாயும், தேங்காய்ச் சோறும் சம்பால் துவையலும் வாங்கிக்கொண்டு ஏறினார். அத்தை கொண்டுவந்த அடுக்குப் பாத்திரத்தில் ஆட்டுக்கறி இருந்தது. எங்களைச் சமாதானம் செய்துவைத்துப் பரிமாறுவதற்காகச் சமைத்ததாம். வேக்குவம் ஒன்றுதான் இல்லாத குறையாக, எல்லோரும் லாரியின் பின்தட்டில் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தோம். மாமா சாங்கிக் கடற்கரைக்கு விட்டார்.

அப்பாவை அதுவரை நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். வேறு யாரோ ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அப்பாவின் வலது கால் மட்டும் தானாக நீண்டு காற்றை ஒரு மிதி மிதித்தது. அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, சாங்கி போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.